கையெழுத்துப் பாணி எழுத்துருக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையெழுத்து எழுத்துரு என்பது எது? சாய்ந்த எழுத்தெல்லாம் அதில் சேருமா?

சேராது. சாய்வெழுத்து கையெழுத்திலிருந்து பிறந்ததுதான். வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுஷியஸ் 1501இல் அச்சிட்ட சிறிய நூல்களுக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிக் கொடுத்த அச்செழுத்து அது. அந்தக் காலத்து அறிஞர்கள் வேகமாக எழுதிய கையை அப்படியே பின்பற்றியது. ஆனால் ஐந்து நூற்றாண்டுகளாகப் புத்தகத்திலேயே பழகிவிட்டதால், இன்று சாய்வெழுத்தைப் பார்க்கும் யாருக்கும் பேனாவின் நினைவு வருவதில்லை.

கையெழுத்து எழுத்துரு என்று நாம் சொல்வது, எழுதிய கருவியின் தடம் தெரியும் எழுத்துருவை. நிப்பை எங்கே அழுத்தினார்கள், தூரிகையில் மை எங்கே வற்றியது, பேனாவை எங்கே தூக்கினார்கள் என்பதெல்லாம் வடிவத்தில் தெரிய வேண்டும். எழுத்துகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்லலாம், தனித்தனியாகவும் நிற்கலாம். தொடுவதுதான் இலக்கணம் என்று நினைக்க வேண்டியதில்லை.

இவற்றில் என்னென்ன வகைகள்?

எந்தக் கருவியால் எழுதியது என்று கேட்டாலே வகை தெரிந்துவிடும்.

கூரான நிப்பால் எழுதியது முதல் வகை. மேலே போகும் கோடு மயிரிழை, கீழே இறங்கும் கோடு தடிமன். பட்டயம், அழைப்பிதழ் போன்ற சடங்குத் தன்மை உள்ளவற்றில் இதைத்தான் பார்த்திருப்பீர்கள். மேத்யூ கார்ட்டர் 1960களில் லினோடைப் நிறுவனத்துக்காக வரைந்த ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் இதற்கு நல்ல உதாரணம். சார்ல்ஸ் ஸ்னெல் என்ற பழைய ஆங்கில எழுத்தாசிரியரின் கையைத் தழுவியது. இவ்வளவு சாய்ந்து, இவ்வளவு தொடர்ந்து ஓடும் எழுத்தை ஈயத்தில் வார்ப்பது பெரும்பாடு. நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகள் உடைந்துவிடும். ஈயத்துக்குப் பதில் ஒளியால் எழுத்தைப் பதிக்கும் ஒளி அச்சுக்கோப்பு வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

தூரிகை வகை இன்னொன்று. ராபர்ட் ஸ்மித் 1942இல் வரைந்த பிரஷ் ஸ்கிரிப்ட் பலருக்கும் தெரிந்தது. கடைப் பலகை, விளம்பரம் எழுதுபவர்களின் கை அது. இதே குடும்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது மிஸ்ட்ரல். பிரான்சின் ரோஜே எக்ஸ்கோஃபோன் 1953இல் தன் சொந்தக் கையெழுத்தை வைத்து உருவாக்கினார். ஈய அச்செழுத்துகளே ஒன்றையொன்று தொட்டுத் தொடரும்படி இணைப்பு இடங்களைத் திட்டமிட்டு அமைத்தார். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வேலை இதுதான். அவசரமாக எழுதியது போலத் தெரியும். அந்த அவசரத்துக்குப் பின்னால் எத்தனை பொறுமையான கணக்கு இருக்கிறது என்று பார்க்கும்போது மதிப்பு கூடுகிறது.

அடுத்தது எழுத்தோவியர்களின் வகை. ஹெர்மன் ஜாப்ஃபின் ஜாப்ஃபினோ, 1998இல் வெளிவந்தது. நீண்ட வால்கள், ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள். கடைசியாக, குறிப்பேட்டில் கிறுக்குவது போன்ற சாதாரண வகை. பால்பாயின்ட், மார்க்கர், பென்சில். காமிக் சான்ஸ் (1994, வின்சென்ட் கானர்) இதில் சேரும். கேவியட் போன்ற இலவச எழுத்துருக்களும் இதே இடத்தில்தான்.

சில கையெழுத்து எழுத்துருக்கள் பார்த்தவுடனே போலியாகத் தெரிகின்றனவே, ஏன்?

இந்த விஷயத்தில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி இதுதான். கையெழுத்தைக் கையெழுத்தாகக் காட்டுவது வளைவும் சாய்வும் அல்ல, ஓர் எழுத்து இரண்டாம் முறை வரும்போது சற்று மாறி வருவது. நீங்கள் ஒரே வரியில் ஐந்து ‘க’ எழுதினால் ஐந்தும் வேறுவேறாக இருக்கும். ஒன்று சற்று மேலே ஏறியிருக்கும், ஒன்றின் வளைவு திறந்திருக்கும். எழுத்துரு ஒரே வரைபடத்தை ஐந்து இடத்திலும் ஒட்டுகிறது. கண் அதைச் சட்டென்று பிடித்துவிடும். ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும், ‘இது யாரும் எழுதியதில்லை’ என்று மனம் முடிவு செய்துவிடும்.

ஆங்கிலத்தில் இரட்டை ‘எல்’, இரட்டை ‘ஓ’ வரும் சொற்களில் இது வெளியே தெரியும். தமிழில் இன்னும் அதிகம். நம் மொழியில் மெய்யெழுத்து இரட்டிப்பது மூச்சுக்கு மூச்சு வருகிறது: அம்மா, பக்கம், வெள்ளம், எண்ணம், சொல்லுங்கள். பக்கத்துப் பக்கத்தில் ஒரே உடல் இரண்டு முறை நிற்கும். ஆகவே தமிழ்க் கையெழுத்து எழுத்துருவைச் சோதிக்க வேண்டுமானால் அந்த இரட்டிப்பைத் தட்டிப் பாருங்கள். ‘ம்மா’வில் இரண்டு மகரமும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், அந்த எழுத்துரு தலைப்புக்கு ஆகும், கடிதம் போன்ற தோற்றத்துக்கு ஆகாது.

நல்ல எழுத்துருக்களில் இதற்குத் தீர்வு உண்டு. மைக்ரோசாஃப்ட்டும் அடோபியும் 1996இல் அறிவித்த ஓப்பன்டைப் முறையில், ஓர் எழுத்துக்குப் பல மாற்று வடிவங்களை உள்ளே வைக்கலாம். அக்கம்பக்கத்து எழுத்தைப் பார்த்து எந்த வடிவம் வர வேண்டும் என்று எழுத்துருவே முடிவு செய்யும். கேவியட் அப்படிச் செய்கிறது. வாங்கும் முன் ‘மாற்று வடிவங்கள் எத்தனை?’ என்று பார்ப்பது, ‘அழகாக இருக்கிறதா?’ என்று பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

அந்த மாற்று வடிவங்கள் என் கணினியில் வரவில்லையே?

வசதி உள்ளே இருக்கும், அணைந்து கிடக்கும். மைக்ரோசாஃப்ட் வேர்டில் எழுத்துருப் பெட்டியைத் திறந்து அட்வான்ஸ்டு பகுதிக்குப் போங்கள். லிகேச்சர்ஸ் (எழுத்துகளை இணைத்த கூட்டெழுத்துகள்), ஸ்டைலிஸ்டிக் செட்ஸ் (மாற்று வடிவத் தொகுப்புகள்), கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸ் (சூழலுக்கேற்ற மாற்று வடிவங்கள்) என்று மூன்றும் அங்கே இருக்கும். அடோபியின் வடிவமைப்பு மென்பொருள்களான இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் ஆகியவற்றில் ஓப்பன்டைப் பலகத்தில் தேட வேண்டும். நீண்ட வால் உள்ள வடிவங்களை, எழுத்துருவின் எல்லா வடிவங்களையும் காட்டும் கிளிஃப்ஸ் பலகத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கலாம். இணைய உலாவிகள் சூழலுக்கேற்ற மாற்று வடிவங்களைத் தாமாகவே காட்டும்.

வால் உள்ள வடிவங்களைக் கையாள்வதில் ஒரு கட்டுப்பாடு தேவை. ஒரு சொல்லுக்கு ஒன்று போதும், முதலிலோ கடைசியிலோ. எல்லா எழுத்துக்கும் வால் போட்டால் எதைப் படிப்பது என்று தெரியாது.

எங்கெல்லாம் பயன்படுத்தலாம்?

ஒருவர் நேரே பேசுவது போல இருக்க வேண்டிய இடங்களில். அழைப்பிதழில் பெயர்கள், வாழ்த்து அட்டையின் ஒற்றை வரி, நன்றிக் குறிப்பு, புத்தக அட்டைத் தலைப்பு, கையால் செய்த பொருள்களின் சிட்டை, புகைப்படத்தின் மேல் ஒரு சொல், மேற்கோளுக்குக் கீழே சொன்னவர் பெயர். வரைபடத்தில் அம்பு போட்டு ‘இங்கே பாருங்கள்’ என்று எழுதுவதற்கும் மிக நன்றாக இருக்கும். அச்சான பாடத்தின் ஓரத்தில் ஆசிரியர் பேனாவால் குறித்தது போல, விளக்கமும் விளக்கத்தின் மேல் உள்ள குறிப்பும் தனித்தனியாகத் தெரியும். கதையில் வரும் கடிதத்தைக் காட்டுவதற்கும் சிலர் பயன்படுத்துகிறார்கள். நாலு வரிக் கடிதமானால் சரி. இரண்டு பக்கக் கடிதமானால் வாசகரைத் தண்டிப்பதாகிவிடும். முதல் வரியையும் கையொப்பத்தையும் மட்டும் அப்படி வைத்துவிட்டு மற்றதைச் சாதாரண எழுத்தில் விடலாம்.

எங்கே கூடவே கூடாது?

தவறாகப் படித்தால் தீங்கு வரும் இடங்களில். மருந்தின் அளவு, எச்சரிக்கை, ஒப்பந்த விதி, முகவரி, தொலைபேசி எண், கடவுச்சொல். கையெழுத்துப் பாணி எண்களில் 1க்கும் 7க்கும், ஆங்கிலப் பெரிய ‘ஐ’க்கும் சிறிய ‘எல்’லுக்கும் வித்தியாசம் தெரியாமல் போவது சாதாரணம். அழைப்பிதழில்கூடப் பெயர்களுக்கு மட்டும் இதைப் போட்டு, தேதி, நேரம், இடம் மூன்றையும் தெளிவான எழுத்தில் வையுங்கள்.

துயரச் செய்தி, மன்னிப்பு அறிவிப்பு போன்றவற்றிலும் துள்ளும் எழுத்து வேண்டாம். காமிக் சான்ஸ் மீது இத்தனை பேருக்குக் கோபம் வந்தது அதன் வடிவத்தால் என்பதைவிட, அது போய் உட்கார்ந்த இடங்களால். கணினித் திரையில் பேசும் கார்ட்டூன் நாய்க்குட்டி ஒன்றின் சொற்களுக்காக வரையத் தொடங்கிய எழுத்து அது. அந்த வேலைக்குப் பொருத்தமானதும்கூட. அதே எழுத்தில் கல்லறை வாசகமும் அலுவலக எச்சரிக்கையும் வந்தபோதுதான் சிக்கல்.

ஆங்கிலச் சொல்லை முழுதும் பெரிய எழுத்தில் அமைக்கலாமா?

தொடர்ந்து ஓடும் வகையில் வேண்டாம். அந்தப் பெரிய எழுத்துகள் சொல்லின் தொடக்கத்தில் நின்று சிறிய எழுத்துகளை வழிநடத்துவதற்காக வரையப்பட்டவை. வரிசையாக நிறுத்தினால் ஒன்றையொன்று இடிக்கும், படிக்கவும் முடியாது. தனித்தனியாக நிற்கும் மார்க்கர் வகைகளில் தாராளமாகச் செய்யலாம்.

எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டலாமா?

ஒட்டி ஓடும் எழுத்துருவில் கூட்டினால் இணைப்புகள் அறுந்துபோகும். குறைத்தாலும் இணைப்புக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். பூஜ்யத்தில் விட்டுவிடுங்கள். வலைப்பக்கத்தில் இடைவெளியை மாற்றினால் உலாவிகள் விருப்பக் கூட்டெழுத்துகளையும் நிறுத்திவிடும். வரியின் இரு முனையையும் சமமாக்கும் அமைப்பும் வேண்டாம். இடப்பக்கமோ நடுவிலோ அமைத்துக்கொள்வது நல்லது.

எந்த அளவில் வைத்தால் படிக்க முடியும்?

இந்த வகையில் அளவைச் சொல்லும் எண்கள் ஏமாற்றும். மேலும் கீழும் நீண்ட கோடுகளுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் நடு உடல் சிறுத்துவிடும். 12 புள்ளி (பாயின்ட்) என்று வைத்தாலும் கண்ணுக்கு 8 புள்ளி போலத் தெரியும். பக்கத்தில் இருக்கும் சாதாரண எழுத்தைவிட ஒன்றரை மடங்கில் தொடங்கி, அச்செடுத்துப் பார்த்து மாற்றுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

மயிரிழைக் கோடுகள் உள்ள எழுத்துருவை கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக அச்சிடுவது ஆபத்து. சுற்றியுள்ள மை பரவி மெல்லிய கோட்டை விழுங்கிவிடும். சொல் பாதியில் அறுந்து நிற்கும். சற்றுத் தடித்த வகையை எடுங்கள், அல்லது மிக மெல்லிய ஒரு கோட்டைச் சுற்றிலும் சேர்த்துத் தடிமனாக்குங்கள். திரையில் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். வலை அணுகல் வழிகாட்டியில் சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்று வைத்திருக்கிறார்கள். மெல்லிய கோடுள்ள கையெழுத்து பெரிதாக இருந்தாலும் 4.5ஐயே பிடித்துக்கொள்ளுங்கள்.

எந்த எழுத்துருவோடு சேர்த்து வைப்பது?

அமைதியான ஒன்றோடு. கையெழுத்து ஆடும்போது மற்றது நிலையாக நிற்க வேண்டும். இரண்டு கையெழுத்து எழுத்துருக்களை ஒரே பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது போலிருக்கும்.

தமிழில் கையெழுத்து எழுத்துரு உண்டா? எப்படித் தேர்ந்தெடுப்பது?

உண்டு, ஆனால் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் குறைவு. கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும் கவிவனார், தாரிக் அஸீஸ் வடிவமைத்தது. தமிழும் லத்தீனும் சேர்ந்தது, சாய்ந்து ஓடும். இலவசமாகவும் யூனிகோடிலும் இருப்பதால் முதலில் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

தேர்ந்தெடுக்கும்போது ஆங்கில அளவுகோலைத் தூக்கிப் போடுங்கள். தமிழைக் கையால் எழுதும்போது எல்லா எழுத்தையும் சேர்த்துக் கட்டுவதில்லை. வேகமாக எழுதுபவர்கள் துணைக்காலை முந்தைய எழுத்தோடு இழுத்து ஒட்டுவார்கள், கொம்பைச் சுழிக்காமல் ஒரு வளைவோடு நிறுத்துவார்கள், புள்ளியை எழுத்துக்கு மேலே வைக்காமல் அடுத்த எழுத்தின் பக்கம் தள்ளிவிடுவார்கள், சில நேரம் சிறு கோடாகவே இழுத்துவிடுவார்கள். இந்தச் சின்னச் சின்னப் பழக்கங்கள்தான் தமிழ்க் கையெழுத்தின் உயிர். ஆங்கிலத் தொடரெழுத்தின் வால்களைத் தமிழுக்குப் பொருத்திய எழுத்துருக்கள் அலங்காரமாகத் தெரியலாம், எழுதியது போலத் தெரியாது. புள்ளி எல்லா மெய்யிலும் ஒரே உயரத்தில் ஒரே வட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் வரைந்தவர் கையெழுத்தைக் கூர்ந்து பார்க்கவில்லை.

இன்னொரு சோதனை, ‘ழ’, ‘ஞ’, ‘ஞூ’, ‘கீ’, ‘மூ’ நிறைந்த இரண்டு வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அமைத்துப் பார்ப்பது. தமிழ் எழுத்துகள் மேலும் போகும், கீழும் தொங்கும். மேல் வரியின் கீழ்விலங்கு கீழ் வரியின் மேல்விலங்கில் போய் மோதினால் வரி இடைவெளியைக் கூட்ட வேண்டும். எழுத்தின் அளவில் 1.6 மடங்கு வரைகூடப் போகலாம்.

பிடித்த தமிழ் எழுத்துருவைப் போட்டால் வேறு ஏதோ எழுத்துகள் வருகின்றன. ஏன்?

அது யூனிகோடு எழுத்துருவாக இருக்காது. அலங்காரத் தமிழ் எழுத்துருக்களில் பல இன்னும் பாமினி, டேப், டாம் போன்ற பழைய குறியாக்கங்களில்தான் கிடைக்கின்றன. ஆங்கில எழுத்துகள் உட்பட வேறு எழுத்துகளுக்குரிய குறியீட்டு இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்த முறை. யூனிகோடில் தட்டிய உரையை அதற்குரிய மாற்றி நிரலில் போட்டு மாற்றிய பிறகே அந்த எழுத்துருவில் ஒட்ட வேண்டும். அச்சுக்குச் செய்யலாம். வலைப்பக்கத்துக்கு வேண்டாம், தேடினால் கிடைக்காது, நகலெடுத்தால் குப்பையாக வரும்.

யூனிகோடு எழுத்துருவாக இருந்தும் கொம்பு இடம் மாறி, புள்ளி தனியே தெரிந்தால் மென்பொருளின் அமைப்பைப் பாருங்கள். இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி பாரகிராஃப் கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

சமூக வலைத்தளப் பெயரில் சிலர் ஆங்கிலத்தைச் சுருள் எழுத்தில் வைத்திருக்கிறார்களே, அது எந்த எழுத்துரு?

எழுத்துருவே இல்லை. கணிதக் குறியீடுகளுக்காக யூனிகோடில் தனியாக ஒதுக்கப்பட்ட எழுத்துகள் அவை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் அவற்றைப் பெயராகப் படிக்காமல், ஒவ்வொன்றையும் கணிதக் குறியீடு என்று நீட்டி வாசிக்கும், அல்லது தாண்டிப் போய்விடும். பெயரைத் தேடுபவருக்கும் கிடைக்காமல் போகலாம். தயவுசெய்து பெயரில் அவற்றை வைக்காதீர்கள்.

வாசிப்பதில் சிரமம் உள்ளவர்களுக்கு இந்த எழுத்துகள் தடையா?

ஒட்டி ஓடுபவை, அலங்காரமானவை, ஆம். எழுத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று பிரித்தறிவது கடினம். தனித்து நிற்கும் எளிய வகைகள் அப்படியல்ல. எழுத்துகள் நெருக்கமாகத் தெரியாதவை என்று பிரித்தானிய டிஸ்லெக்சியா சங்கத்தின் வழிகாட்டி சொல்லும் எழுத்துருக்களில் காமிக் சான்ஸும் ஒன்று.

வினைல் ஒட்டுத்தாளை வெட்டவும் மரத்தில் செதுக்கவும் இதே எழுத்துரு போதுமா?

வெட்டுவதற்கு முன் தொட்டுக்கொண்டிருக்கும் எழுத்துகளை ஒரே வடிவமாக இணைக்க வேண்டும். இல்லையென்றால் இயந்திரம் ஒவ்வோர் எழுத்தையும் தனியாக வெட்டி, சேரும் இடத்தில் கீறிவிடும். மயிரிழை உள்ள வகை உரிக்கும்போதே கிழியும்.

பேனா பிடித்து எழுதும் இயந்திரத்துக்கும் செதுக்கும் இயந்திரத்துக்கும் ஒற்றைக்கோட்டு எழுத்துரு தேவை. சாதாரண எழுத்துருவில் கோட்டின் இரு கரையும்தான் பதிவாகியிருக்கும், ஆகவே உள்ளே வெற்றாக, இரட்டைக் கோடாக வரும். ஆலன் ஹெர்ஷே 1960களில் கணினியால் கோடுகளாக வரைவதற்காக உருவாக்கிய ஹெர்ஷே எழுத்துருக்கள் ஒற்றைக்கோட்டு வகையில் இன்றும் பயன்படுகின்றன.

என் கையெழுத்தையே எழுத்துருவாக்க முடியுமா?

முடியும், செய்து பார்க்க வேண்டிய வேலை. எழுத்துரு உருவாக்கும் மென்பொருள்களில் ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம், மேக் கணினியில் கிளிஃப்ஸ் என்ற மென்பொருள் நன்றாக இருக்கும். தமிழுக்கு 247 எழுத்தையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு எல்லாம் தனித் துண்டுகளாக ஒருமுறை வரைந்தால் எல்லா எழுத்துக்கும் பொருந்தும். ஆனால் இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளைத் துண்டால் ஒப்பேற்ற முடியாது. கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. கிரந்தத்தை விட்டுவிட்டால் ஏறத்தாழ 125 வடிவங்கள் வரும்.

கட்டம் போட்ட தாளில் ஒவ்வோர் எழுத்தாக நிரப்பாதீர்கள். அப்படி எழுதும்போது கை பரீட்சைக்கு உட்கார்ந்தது போல இறுகிவிடும். முழு வாக்கியங்களாக, வழக்கமான வேகத்தில் ஐந்தாறு பக்கம் எழுதி, அதிலிருந்து எழுத்துகளைப் பொறுக்குங்கள். அடிக்கடி வரும் க், ம், ல், த், ன் ஆகியவற்றுக்கு மட்டுமாவது இரண்டு மூன்று வடிவங்கள் எடுங்கள். மேலே சொன்ன இரட்டிப்புச் சிக்கல் அதிலேயே பெரும்பாலும் தீரும். தாத்தா பாட்டியின் பழைய கடிதங்களிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால், அவர்கள் எழுதிய பழைய ‘லை’, ‘னை’, ‘றா’ வடிவங்களைத் திருத்தாமல் மாற்று வடிவமாக உள்ளே வைத்துவிடுங்கள். அவர்களுடைய கை என்று சொல்வது அதைத்தான்.

உங்கள் கையொப்பத்தை மட்டும் எழுத்துருவில் சேர்க்க வேண்டாம். கோப்பு யார் கைக்குப் போகும் என்று தெரியாது.

இலவச எழுத்துருவை வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா?

உரிமத்தைப் படித்துவிட்டுத்தான். எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வந்தவற்றை வணிக வேலைகளில் பயன்படுத்தலாம், மாற்றலாம், எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. ‘சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று போட்டவற்றை வாடிக்கையாளர் வேலையில் தொடாதீர்கள். கட்டண எழுத்துருக்களில் கணினி, வலைத்தளம், செயலி ஆகிய ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் தனித்தனி உரிமம்.

லோகோவுக்கு எழுத்துருவை அப்படியே தட்டி வைத்தால் போதுமா?

அதே எழுத்துரு இன்னொருவரிடமும் இருக்கிறது, அவரும் அப்படியே தட்டி வைப்பார். உரிமம் இடம் கொடுத்தால் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லைத் தட்டி, வடிவக் கோடுகளாக மாற்றி, இரட்டித்து வரும் எழுத்துகளில் ஒன்றை மாற்றி வரைந்து, இணைப்புகளைச் சரிசெய்து, கடைசிக் கோட்டை அந்தச் சொல்லுக்கே உரியதாக இழுத்து முடியுங்கள். பிறகு நகத்தளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் சொல் படிக்க வந்தால் வேலை முடிந்தது. வரவில்லையென்றால், சிறிய அளவுக்கென்று தடித்த கோட்டில் இன்னொரு பதிப்பையும் வரைந்து இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.